இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய விவிலிய அறிஞர்

1958-ஆம் ஆண்டு. கிழக்கு எருசலேம் அப்போது ஜோர்தான் நாட்டின் கையில் இருந்தது. அங்கே பாலஸ்தீனத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், சாக்கடல் சுருள்கள் என்று அழைக்கப்படும் பழைய யூதச் சுவடிகளில், கும்ரான் நான்காம் குகையிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான தோல் துணுக்குகளை ஒரு சிறு குழு இணைத்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தது. படித்து முடித்தவற்றிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அது எந்தச் சுவடியில் எந்த வரியில் வருகிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று சிறு அட்டைகளில் எழுதி அகர வரிசையில் அடுக்கும் வேலை இளம் ஆய்வாளர்கள் சிலரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதைத் தொடங்கியவர் ஜோசப் ஃபிட்ஸ்மையர் என்ற இயேசு சபைக் குரு. அவருக்கு அடுத்து அந்த மேசையில் வந்து உட்கார்ந்தவர் முப்பது வயதான இன்னொரு அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு. பெயர் ரேமண்ட் எட்வர்ட் பிரவுன்.

அந்த அட்டைகளின் பிற்காலக் கதையையும் சொல்லிவிடுகிறேன். துணுக்குகளைப் பதிப்பிக்கும் உரிமை பெற்றவர்கள் பல பத்தாண்டுகள் அவற்றை வெளியிடாமலே வைத்திருந்தார்கள். வெளியாள் பார்க்க முடியாது. 1988-இல் அந்தச் சொல்லடைவு மட்டும் குழுவினரின் பயன்பாட்டுக்காக மிகச் சில பிரதிகள் அச்சானது. சின்சினாட்டியில் பென் சியோன் வாக்கோல்டர் என்ற யூதப் பேராசிரியரும் அவருடைய மாணவர் மார்ட்டின் அபெக்கும் அதைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பின் சொற்கள் குறிக்கப்பட்டிருந்ததால், அட்டைகளிலிருந்து பின்னோக்கிப் போய் முழு வரிகளையே மீட்டுவிட்டார்கள். 1991 செப்டம்பரில் அது நூலாக வந்தது. சாக்கடல் சுருள்கள் மீதான ஏகபோகம் அந்த மாதத்தோடு உடைந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ பொறுமையாக எழுதி வைத்த அட்டைகள், மூடி வைத்தவர்களின் பூட்டையே திறந்துவிட்டன.

எனக்குப் பிரவுன் அறிமுகமானது திட்டு வழியாகத்தான். எங்கள் பங்குக்குத் தவக்காலத் தியானம் நடத்த வந்த பிரசங்கியார் ஒருவர், விவிலியத்தைக் கெடுத்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் பிரவுன் பெயரும் இருந்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் தேடியிருக்கவே மாட்டேன். பிறகு, ஆரம்பகாலக் கிறித்தவ வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவரிடம் பிரவுனைப் படிக்கிறேன் என்றபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். "அவர் சாமியார்ப்பா. சுற்றி வளைத்துக் கடைசியில் சபைக்குத்தான் வக்காலத்து வாங்குவார்." ஒரே ஆளை இவர்கள் இருவரும் எப்படி இப்படிப் பார்க்கிறார்கள் என்ற வியப்பில்தான் தொடர்ந்து படித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது: பிரவுன் இரண்டு தரப்புக்கும் ஒரே காரணத்துக்காகத்தான் ஆகாதவரானார். சான்று எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும் போய் நின்றுகொள்வார். அதற்கு மேல் நான் நம்புவது இது என்று தனியாகச் சொல்வார். இரண்டையும் ஒட்டவைக்க மாட்டார். ஒட்டவைத்துக் கேட்டே பழகிய நமக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவர் வளர்ந்த காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் இது புரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கத்தோலிக்க விவிலிய அறிஞராக இருப்பது கத்தி மேல் நடப்பது. 1906-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம், ஐந்நூலின், அதாவது விவிலியத்தின் முதல் ஐந்து புத்தகங்களின், ஆசிரியர் அடிப்படையில் மோசேதான் என்றது. அடுத்த ஆண்டு, நான்காம் நற்செய்தியை எழுதியவர் திருத்தூதர் யோவான்தான் என்றது. 1911-இல் மத்தேயு நற்செய்தி பற்றியும் அப்படியே ஒரு தீர்மானம். ஜெர்மனியின் புரோட்டஸ்டண்ட் பல்கலைக்கழகங்களில் கேட்கப்பட்ட கேள்விகளைக் கத்தோலிக்கர் வாய்விட்டுக் கேட்கவே முடியாது. 1943 செப்டம்பரில், உலகப் போருக்கு நடுவே, பன்னிரண்டாம் பத்திநாதர் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். மூல மொழிகளைப் படியுங்கள், நூலாசிரியர்கள் எந்த இலக்கிய வகையில் எழுதினார்கள் என்று பாருங்கள், பழங்கால மக்கள் கதை சொன்ன முறையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார். கதவு திறந்தது. நியூயார்க்கில் 1928 மே மாதம் பிறந்த பிரவுனுக்கு அப்போது 15 வயது.

அந்த விதத்தில் அவர் அதிர்ஷ்டசாலி. அவருக்கு முந்தைய தலைமுறையில் இதே கேள்விகளைக் கேட்டவர்கள் வேலை இழந்தார்கள், எழுதத் தடை பெற்றார்கள். பிரவுன் 1953-இல் குருவானார். பிறகு குருமட மாணவர்களை உருவாக்குவதையே தங்கள் பணியாகக் கொண்ட சல்பீசியன் குழுவில் சேர்ந்தார். 1955-இல் இறையியலில் ஒரு முனைவர் பட்டம். அதோடு நிற்காமல் பால்ட்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், வில்லியம் ஃபாக்ஸ்வெல் ஆல்பிரைட்டிடம் செமித்திய மொழிகளில் இன்னொரு பட்டம். ஆல்பிரைட் மெதடிஸ்ட்; பழைய கிழக்கின் தொல்லியலில் அன்று அமெரிக்காவில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. சாக்கடல் சுருள்களின் படம் முதன்முதலில் கையில் கிடைத்ததும் இவை உண்மையிலேயே பழையவை என்று 1948-இலேயே சொன்னவர். அவரிடம் படித்த கத்தோலிக்கக் குருக்களில் ஃபிட்ஸ்மையரும் பிரவுனும் சேர்த்தி. கத்தோலிக்க விவிலிய ஆய்வு அமெரிக்காவில் தலையெடுத்தது ஒரு மெதடிஸ்டின் வகுப்பறையில் என்று சொன்னால் ரொம்ப மிகையாகாது.

எருசலேமிலிருந்து திரும்பி 1959 முதல் 1971 வரை பால்ட்டிமோர் தூய மரியா குருமடத்தில் பாடம் நடத்தினார். அந்த வருடங்களில்தான் யோவான் நற்செய்தி விளக்கவுரை உருவானது. ஆல்பிரைட்டும் டேவிட் நோயல் ஃப்ரீட்மனும் பொதுப் பதிப்பாசிரியர்களாக இருந்து, கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டார், யூதர் எல்லோரையும் எழுத வைத்த 'ஆங்கர் பைபிள்' வரிசையில் அது 1966-இலும் 1970-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. இரண்டும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களுக்கு மேல். முதல் தொகுதி வந்தபோது அவருக்கு 38 வயது.

என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வேலை இதுதான். பெயர் வாங்கிக்கொடுத்தது பிற்பாடு வந்த கிறிஸ்து பிறப்பு நூல் என்றாலும். ஒவ்வொரு பகுதிக்கும் முதலில் அவருடைய சொந்த மொழிபெயர்ப்பு, பிறகு வரி வரியாகக் குறிப்புகள், அதன் பிறகு விரிவுரை. இந்த வரிக்கு யார் யார் என்ன பொருள் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் சார்பாக என்ன, எதிராக என்ன என்று வரிசையாக வைப்பார். பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தினாரும் வருவார், இருபதாம் நூற்றாண்டு ஜெர்மானியப் புரோட்டஸ்டண்ட் அறிஞர் புல்ட்மனும் வருவார். தனக்குப் பிடிக்காத கருத்தைக்கூட அதைச் சொன்னவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்வார். இந்தப் பழக்கம் இன்றைய விவாதங்களில் எவ்வளவு அரிது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உரைநடையில் அழகு தேடினால் ஏமாற்றம்தான். தூக்கம் வராத இரவுகளில் சில பக்கங்கள் எனக்கு நன்றாகவே உதவியிருக்கின்றன.

1963-இல் மொன்ட்ரியாலில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் 'நம்பிக்கையும் அமைப்பும்' மாநாடு நடந்தது. அங்கே புதிய ஏற்பாட்டில் ஒரே திருச்சபை இருந்ததா, பல சபைகள் இருந்தனவா என்பதைப் பற்றி எர்ன்ஸ்ட் கேஸமன் ஓர் உரை நிகழ்த்தினார். பிரவுன் ஓர் உரை நிகழ்த்தினார். கேஸமன் ஜெர்மானிய லூத்தரன், புல்ட்மனின் மாணவர், நாவில் நெருப்பு உள்ளவர். வேற்றுமைகளைத்தான் அவர் அழுத்தினார். பிரவுன் வேற்றுமைகளை மறுக்காமல், அவற்றுக்கு அடியில் ஒற்றுமையும் இருந்தது என்று வாதிட்டார். வாழ்நாள் முழுதும் அவர் சொன்னதன் சுருக்கம் கிட்டத்தட்ட அதுதான்.

1971-இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரிக்குப் போனார். தாராளவாதப் புரோட்டஸ்டண்டாரின் கோட்டை அது. அங்கே ஒரு கத்தோலிக்கக் குரு நிரந்தரப் பேராசிரியராக உட்கார்வது அந்தக் காலத்தில் செய்தி. 1990-இல் ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். மறுபக்கம், திருத்தந்தை ஆறாம் பவுல் 1971-இல் விவிலிய ஆணையத்தை மாற்றியமைத்து, கர்தினால்களுக்குப் பதில் அறிஞர்களை அதில் அமர்த்தினார். 1972-இல் பிரவுனுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1906-இல் மோசேதான் எழுதினார் என்று தீர்ப்பு சொன்ன அதே ஆணையம்! வரலாற்றுக்குக் கொஞ்சம் நகைச்சுவை உணர்வு உண்டுதான்.

அதே 1972-இல்தான் புயலும் கிளம்பியது. கன்னிப் பிறப்பு பற்றி அவர் எழுதிய கட்டுரை அந்த ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டு உயிர்ப்பு பற்றிய கட்டுரையோடு சேர்ந்து சிறு நூலானது. அவர் சொன்னதைக் கவனமாகப் படித்தால் அது ஒரே ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். மரியா ஆணின் துணையின்றிக் கருவுற்றது வரலாற்று நிகழ்வா என்ற கேள்வியை, அறிவியல் முறையில் சோதிக்கக்கூடிய விவிலியச் சான்று மட்டும் தீர்த்து வைக்காது என்றார். திருச்சபையின் போதனையை ஏற்கிறேன் என்றும் அதே மூச்சில் சொன்னார். பவுல் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை, மாற்கு பேசவில்லை, பேசுவது மத்தேயுவும் லூக்காவும் மட்டும். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை என்பதால் இந்த நம்பிக்கை அவர்களுக்கு முந்தையது என்று காட்டலாம். ஆனால் அதற்கும் பின்னால் போக ஒரு வரலாற்றாசிரியரிடம் கருவி இல்லை. அவ்வளவுதான்.

பழமைவாதப் பத்திரிகைகள் இதைக் கன்னிப் பிறப்பை மறுக்கும் பாதிரி என்று தலைப்பிட்டன. பேச அழைத்த இடங்களில் எதிர்ப்பு. ஜார்ஜ் கெல்லி என்ற மொன்சிஞ்ஞோர் (குருக்களுக்குத் தரப்படும் ஒரு மரியாதைப் பட்டம்) 1983-இல் பிரவுன் பெயரைத் தலைப்பிலேயே போட்டு ஒரு கண்டனப் புத்தகம் எழுதினார். இதெல்லாம் நடக்கும்போதே அவருடைய நூல்கள் பலவும் ஆயரின் அச்சு அனுமதியோடு வெளிவந்துகொண்டிருந்தன என்பதைத் திட்டியவர்கள் கண்டுகொள்ளவில்லை.

1977-இல் வந்த 'மெசியாவின் பிறப்பு' இதன் விரிவு. மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்கள், லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்கள். நான்கு அதிகாரத்துக்கு அறுநூறு பக்கம் அளவில் விளக்கம். நம் வீடுகளிலும் கோவில்களிலும் டிசம்பரில் குடில் வைக்கிறோமே, அதில் இடையரும் நிற்பார்கள், ஒட்டகத்தோடு மூன்று ராஜாக்களும் நிற்பார்கள். இரண்டு கதைகளை ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்த ஏற்பாடு அது. மத்தேயுவில் யோசேப்பும் மரியாவும் பெத்லகேம்காரர்கள்போலத்தான் தெரிகிறார்கள்; ஞானிகள் வருவது ஒரு வீட்டுக்கு. ஞானிகள் மூவர் என்று அவர் சொல்லவே இல்லை, காணிக்கைதான் மூன்று. பிறகு ஏரோது, குழந்தைகள் கொலை, எகிப்துக்கு ஓட்டம். திரும்பி வரும்போது யூதேயாவுக்கு அஞ்சி நாசரேத்தில் போய்க் குடியேறுகிறார்கள். லூக்காவிலோ அவர்கள் நாசரேத்துக்காரர்கள். மக்கள்தொகைக் கணக்குக்காகப் பெத்லகேம் போகிறார்கள். தீவனத் தொட்டி, இடையர், நாற்பது நாளில் கோவிலில் காணிக்கை, பிறகு நிம்மதியாக ஊர் திரும்புகிறார்கள். எகிப்துக்கு அங்கே இடமே இல்லை. லூக்கா சொல்லும் குரேனியு காலத்துக் கணக்கெடுப்பு கி.பி. 6-இல் நடந்தது, ஏரோது இறந்ததோ கி.மு. 4-இல். இதைச் சரிக்கட்ட நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் முயன்றிருக்கிறார்கள். பிரவுன் அந்த முயற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் நிற்கவில்லை என்று ஒதுக்குகிறார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவரும் நூற்றோடு நூற்றொன்றுதான். நூலின் பெரும்பகுதி வேறொன்றைச் செய்கிறது. கனவு காண்கிற, எகிப்துக்குப் போகிற யோசேப்பு யார்? தொடக்கநூலின் யோசேப்பு. ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்லும் மன்னன்? பார்வோன். கிழக்கிலிருந்து விண்மீனோடு வருபவர்கள்? எண்ணிக்கை நூலில், யாக்கோபிலிருந்து விண்மீன் ஒன்று உதிக்கும் என்று சொன்ன பிலயாமும் கிழக்கிலிருந்துதான் வந்தான். லூக்காவில் மரியா பாடும் பாட்டுக்கு அடியில் சாமுவேலின் தாய் அன்னாவின் பாட்டு கேட்கிறது. இஸ்ரயேலின் முழுக் கதையையும் இரண்டு அதிகாரத்தில் திரும்பச் சொல்லி, அதன் வழியாக வாசகரை நற்செய்திக்குள் அழைத்துப் போகிறார்கள் இவர்கள் என்று பிரவுன் காட்டும்போது, வருடா வருடம் கேட்டுச் சலித்த பகுதி திடீரென்று ஆழமாகிறது.

எங்கள் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லப் பார்த்தேன். "அப்போ மூணு ராஜா வந்தது பொய்யா அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். பிரவுனை எதிர்த்தவர்கள் எல்லோரும் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். நடந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. மத்தேயு என்ன சொல்ல வருகிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதுக்கு என்னால் நன்றாகவே பதில் சொல்ல முடியும் என்றேன். பையனுக்குத் திருப்தியில்லை. நியாயம்தான், நானும் அந்த வயதில் திருப்தி அடைந்திருக்க மாட்டேன்.

'அன்புச் சீடரின் சமூகம்' 1979-இல் வந்தது. இயேசு அன்பு செய்தவர் என்று யோவான் நற்செய்தி பெயர் சொல்லாமல் குறிப்பிடும் சீடர்தான் அன்புச் சீடர். பிரவுன் எழுதியதிலேயே விறுவிறுப்பான புத்தகம், அதே சமயம் ஆதாரத்தில் மிகவும் மெலிந்ததும் இதுதான். யோவான் நற்செய்தியையும் யோவானின் மூன்று திருமுகங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றை எழுதிய மக்களின் வரலாற்றைத் திரும்பக் கட்டுகிறார். ஒன்பதாம் அதிகாரத்தில், பார்வை பெற்றவரின் பெற்றோர் பேச அஞ்சுகிறார்கள். இயேசுவை மெசியா என்று ஏற்பவரைத் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்குவது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது என்கிறது நற்செய்தி. இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு விலக்கு இருந்திருக்க முடியாது. இது நற்செய்தி எழுதப்பட்ட காலத்தின் காயம் என்று பிரவுனுக்கு முன்பே சொன்னவர் யூனியனில் அவருடைய சக பேராசிரியரான லூயி மார்ட்டின். பிரவுன் அதை நீட்டுகிறார். முதலில் இயேசுவைத் தாவீதின் வழிவந்த மெசியாவாகப் பார்த்த யூதர்கள்; பிறகு கோவிலை ஏற்காத ஒரு பிரிவினரும் சமாரியரும் வந்து சேர்கிறார்கள்; அவர்களோடு சேர்ந்து இயேசுவைப் பற்றிய பேச்சும் உயர்கிறது; தொழுகைக்கூடத்தோடு முறிவு; 90 வாக்கில் நற்செய்தி; 100 வாக்கில் சமூகம் உள்ளுக்குள்ளேயே உடைகிறது. "நம்மிடமிருந்து பிரிந்தவர்கள்" என்று முதல் திருமுகம் வேதனையோடு குறிப்பிடுவது அவர்களைத்தான். பிரிந்தவர்களில் பலர் ஞானமார்க்கத்தின் (இரகசிய அறிவே மீட்பு தரும் என்ற 'நாஸ்டிக்' கொள்கையின்) பக்கம் போனார்கள், மிஞ்சியவர்கள் பெரிய திருச்சபையோடு கலந்தார்கள். நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் பேதுருவிடம் ஆடுகளை மேய்க்கச் சொல்வதில் அந்தச் சமரசத்தின் தடயம் இருக்கிறது என்கிறார்.

ஒரு சின்ன மக்கள் கூட்டம் தன் சண்டைகளையும் இழப்புகளையும் தன் வேதத்துக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது என்ற எண்ணம் படிக்கிறவரை விடாது. ஆனால் அடுக்குக்கு மேல் அடுக்காக ஊகம். அது அவருக்கே தெரியும். இந்தத் துப்பறியும் வேலையில் அறுபது சதவீதத்தை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டாலே மகிழ்ச்சி என்று நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அதன் பிறகு வந்த ஆய்வாளர்களில் பலர், அப்படி ஒரு தனிச் சமூகம் இருந்ததா என்பதையே கேள்வி கேட்டார்கள். நானும் அறுபது கொடுக்க மாட்டேன். என்றாலும் யோவானை ஒருமுறை இந்த வழியில் படித்துவிட்டால், பழையபடி படிப்பது சிரமம்.

இதே புத்தகத்தில் இன்னொன்றையும் செய்தார். 1966-இல், நற்செய்தியின் பின்னால் இருக்கும் அன்புச் சீடர் செபதேயுவின் மகன் யோவானாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று எழுதியிருந்தார். 1979-இல், என் கருத்தை மாற்றிக்கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சீடர் பன்னிரு திருத்தூதரில் ஒருவரே அல்ல, நமக்குப் பெயர் தெரியாதவர் என்றார். தன் பெயரை நிலைநாட்டிய நூலின் ஒரு முக்கிய முடிவையே தன் கையால் அடித்து எழுதுவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

யோவானில் பெண்களின் இடம் பற்றி 1975-இல் எழுதிய கட்டுரை சிறியதுதான், ஆனால் இன்றைக்கும் மங்கவில்லை. மத்தேயுவில் பேதுரு சொல்லும் பெரிய அறிக்கை, "நீர் மெசியா, இறைமகன்" என்பது, யோவானில் மார்த்தாவின் வாயில் வருகிறது. ஊரையே இயேசுவிடம் அழைத்து வருபவர் ஒரு சமாரியப் பெண். உயிர்த்தவரை முதலில் கண்டு சீடர்களிடம் செய்தி கொண்டுபோனவர் மகதலா மரியா. பெண்களைக் குருக்களாக்கலாமா என்ற கேள்வி ரோமில் சூடாக இருந்த நேரம் அது. பிரவுன் அங்கம் வகித்த விவிலிய ஆணையம் 1976-இல் அதை ஆராய்ந்து, புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்து இதற்கு முடிவு சொல்ல முடியாது என்ற நிலைக்கு வந்தது என்ற செய்தி வெளியே கசிந்தது. வத்திக்கானோ பெண்களைக் குருக்களாக்க முடியாது என்றே அறிவித்தது. பிரவுன் கொடி பிடிக்கவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடத்தில் அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம் என்றே படுகிறது.

1994-இல் 'மெசியாவின் இறப்பு'. கெத்சமனி தோட்டத்திலிருந்து கல்லறை வரை, இரண்டு தொகுதி, ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல். இதற்கு அடி விழுந்தது மறுதிசையிலிருந்து. ஜான் டொமினிக் கிராசன், அவர் முன்னாள் குரு, அடுத்த ஆண்டே ஒரு மறுப்பு நூல் எழுதினார். பாடுகளின் வரலாற்றில் பெரும்பகுதி நினைவிலிருந்து வந்தது அல்ல, பழைய ஏற்பாட்டு வரிகளிலிருந்து பின்னப்பட்டது என்பது கிராசனின் வாதம். பிரவுன், உள்ளே ஒரு வரலாற்றுக் கரு இருக்கிறது, அதைச் சுற்றி மறைநூல் மொழி வளர்ந்திருக்கிறது என்றார். ஒரு காட்சி நடந்திருக்க முடியாதது அல்ல என்று பிரவுன் எழுதினால், நடந்ததா இல்லையா, ஒழுங்காகச் சொல்லுங்கள் என்பார் கிராசன். இயேசுவின் சாவுக்கு யூத மக்கள் மேல் பழி போட்ட காட்சிகளால் எவ்வளவு ரத்தம் சிந்தியிருக்கிறது என்று தெரிந்த பிறகும் இப்படி மென்று விழுங்கலாமா என்பதுதான் கிராசனின் கோபத்தின் வேர். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரவுன் அந்தக் கேள்வியைத் தவிர்த்தவர் அல்ல. மத்தேயுவில் கூட்டம் சொல்லும் "இவனது இரத்தப்பழி எங்கள் மேல் விழட்டும்" போன்ற வரிகளைப் புனித வார வாசகத்திலிருந்து வெட்டிவிடலாம் என்று சிலர் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டினால் பிரச்சினை மறைந்துவிடும், தீராது. வாசியுங்கள், வாசித்துவிட்டு, இந்த வெறுப்பு ஏன் எழுந்தது, அதை நாம் ஏன் தொடரக் கூடாது என்று மறையுரையில் சொல்லுங்கள் என்றார். எத்தனை பங்குகளில் அப்படி ஒரு மறையுரை கேட்டிருக்கிறோம்?

அடுத்து 'மெசியாவின் உயிர்ப்பு' எழுதுவீர்களா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு திட்டம் கிடையாது, அந்த விஷயத்தை நேருக்கு நேராகவே ஆராய விரும்புகிறேன் என்று அந்த நூலின் முன்னுரையில் பதில் சொல்லியிருக்கிறார். ஆயிரத்து அறுநூறு பக்கத்தில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்த இடம் அது.

1988-இல் கர்தினால் ராட்சிங்கர், பிற்காலத்தில் பதினாறாம் பெனடிக்ட், நியூயார்க்குக்கு வந்து விவிலிய விளக்கம் நெருக்கடியில் இருக்கிறது என்று உரையாற்றினார். விவிலிய நூல்களை மற்றப் பழைய நூல்களைப்போலவே அவை எழுந்த காலத்தில் வைத்து ஆராயும் வரலாற்றுத் திறனாய்வு முறை தனக்குள் மறைத்து வைத்திருக்கும் தத்துவ முன்முடிவுகளைப் பற்றிய விமர்சனம் அது. தொடர்ந்த கருத்தரங்கில் பிரவுனும் கட்டுரை படித்தார். முறையில் கோளாறு இல்லை, அதைக் கையாண்ட சிலரின் முன்முடிவுகள்தான் கோளாறு. முறையைத் தூக்கி எறியாதீர்கள் என்பது அவர் நிலை. 1996-இல், ராட்சிங்கர் தலைமையில் இருந்த விவிலிய ஆணையத்துக்கே இரண்டாம் ஜான் பால் அவரை மறுபடியும் நியமித்தார். அதற்குள் அமெரிக்கக் கத்தோலிக்க விவிலியக் கழகம், விவிலிய இலக்கியக் கழகம், பன்னாட்டுப் புதிய ஏற்பாட்டு ஆய்வுக் கழகம் மூன்றுக்கும் தலைவராக இருந்து முடித்திருந்தார்.

நம் பக்கத்துக் குருமடங்களில் அவர் பெயர் பரிச்சயமானது பெரும்பாலும் ஃபிட்ஸ்மையர், ரோலண்ட் மர்ஃபி இருவரோடும் சேர்ந்து அவர் பதிப்பித்த ஜெரோம் விவிலிய விளக்கவுரை வழியாகத்தான். முதல் பதிப்பு 1968, புதுப்பித்தது 1990. பின்னது பெங்களூரில் இந்தியப் பதிப்பாகவும் வந்தது. செங்கல் கனத்தில் இருக்கும்; குருமடம் முடித்த சாமியார் யாருடைய அலமாரியிலும் தேடிப் பாருங்கள், இருக்க வாய்ப்பு உண்டு. தூசி தட்ட வேண்டியிருக்கலாம்.

ஓய்வுக்குப் பின் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க் குருமடத்தில் தங்கி எழுதிக்கொண்டிருந்தார். 1997-இல் தொள்ளாயிரம் பக்கத்தை நெருங்கும் புதிய ஏற்பாட்டு அறிமுகம் வந்தது. 1998 ஆகஸ்ட் 8 அன்று மாரடைப்பில் காலமானார். வயது 70. இறக்கும்போது மேசையில் இருந்தது யோவான் விளக்கவுரையின் திருத்தப் பதிப்பு. அறிமுகப் பகுதியை மட்டும்தான் ஓரளவு முடித்திருந்தார். ஆஸ்திரேலியரான பிரான்சிஸ் மலோனி, நம் ஊர் டான் போஸ்கோ பள்ளிகளை நடத்தும் அதே சலேசிய சபைக்காரர், அதைச் செப்பனிட்டு 2003-இல் வெளியிட்டார். 1966-இல் நற்செய்தி ஐந்து கட்டங்களில் உருவானது என்று வகுத்திருந்த பிரவுன், இதில் அதை மூன்றாகக் குறைத்திருக்கிறார்.

படிக்க விரும்புகிறவர்கள் பெரிய நூல்களில் கை வைத்துப் பயந்துவிட வேண்டாம். பங்கு மக்களுக்காகவே அவர் எழுதிய குறுநூல்கள் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் காலத்துக்கு ஒன்று, புனித வாரத்துக்கு ஒன்று, உயிர்ப்புக் காலத்துக்கு ஒன்று. ஆங்கிலம் எளிது, ஒரே மாலையில் ஒன்றை முடிக்கலாம். விவிலியம் பற்றிய 101 கேள்விகளுக்குப் பதில் சொல்லும் புத்தகமும் உண்டு. கூட்டங்களில் மக்கள் உண்மையிலேயே கேட்ட கேள்விகள் என்பதால் அது பேச்சுபோலவே ஓடும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் யோவான் விளக்கவுரையின் முதல் தொகுதியை எடுத்து, ஒன்பதாம் அதிகாரத்துக்கான பக்கங்களை மட்டும் படியுங்கள். குறிப்புகளை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். விரிவுரையைத் தாண்டாதீர்கள்.